தேயிலை மலைகளில் ஒரு நெடுநடை



அமெரிக்காவிலே, கலிபோர்னியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் தாகோ என்னும் ஏரி இருக்கின்றது. அதனைச் சூழ்ந்த மலைமுகடுகளின் மீது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்படி ஏறக்குறைய 270 கிலோமீற்றர் நீளமான நடைவழி ஒன்று செல்கின்றது. தொண்டர்கள் 1984இல் வெட்டத் தொடங்கிய அவ்வழி 2001இல் முழு வட்டமாயிற்று. கூடாரத்தையும் உணவையும் முதுகிலே சுமந்து அதனைச் சுற்றி வருபவர் பலர். வலம் வருதல் நமக்கும் புதிதன்று. திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீற்றர் நடக்கிறோம். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறோம். ஆனால், நேர்த்திக்கடன் எதுவுமின்றி, நடையின் பொருட்டே நாட்கணக்கில் நடப்பவர் நம்மிடையே மிகச் சிலரே.

அத்தகைய நெடுவழியொன்று அண்மை ஆண்டுகளில் நமது மலைநாட்டிலும் அமைந்துள்ளது. தேயிலையின் ஒரு வகைப் பெயரைத் தாங்கி, பீக்கோ வழி என அது வழங்குகின்றது. கண்டிக்கு அருகே ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையில் தொடங்கி, நுவரெலியாவில் முடிகின்றது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மோட்டார் வண்டியில் மூன்று மணி நேரம் போதும். இவ்வழியோ கலஹா, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல, உடப்புசல்லாவை என்றெல்லாம் வளைந்து சுற்றி, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. மொத்தம் 22 கட்டங்கள். நாளொன்றுக்கு ஒரு கட்டம் என்பது நல்ல கணக்கு. அவசரக்காரருக்கு இவ்வழி ஏற்றதன்று.

மேற்குச் சரிவுகளில் வைகாசி முதல் தென்மேற்குப் பருவமழை. ஊவாப் பக்கத்தில் ஐப்பசி முதல் வடகீழ்ப் பருவமழை. மாசி, பங்குனி மாதங்களே இரு பக்கத்துக்கும் பொருந்துவன. அட்டைக்கடி எக்காலத்திலும் உண்டு. உப்பும் நீண்ட காலுறையும் வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுவன்று. தாகோவின் வழியைத் தொண்டர்கள் நடப்பவருக்காகவே வெட்டினார்கள். நமது வழியின் பெரும்பகுதியோ புதிதாக வெட்டப்பட்டதன்று. பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், லயத்திலிருந்து கோயிலுக்கும் தொழிலாளர் நடந்து நடந்து தேய்த்த பாதைகளும், பழைய தோட்டத்து வண்டிப் பாதைகளுமே இன்று ஒன்றாக இணைக்கப்பட்டு வரைபடத்தில் ஏறியுள்ளன. அவர்களுடைய மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. அந்த நடையையும் இந்த நடையையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இவ்வழியில்தான் உள்ளது. அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லாசனத்தை எல்லோரும் காண்கிறார்கள். அந்த 19 ஏக்கரையும் கொத்தி நட்டவர்களின் பெயர்களை எந்தப் பலகையில் காண்பது?

சென்ற ஆண்டு உயர்தர மாணவர் சிலருடன் அப்பகுதியில் ஒருநாள் நடந்தேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். மலையகத்தை அவர்கள் அறிந்தது ஏப்ரல் மாத வசந்த காலக் கொண்டாட்டத்தின் வாயிலாகவே. கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவனின் பாட்டனார் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவன் அதனை யாரிடமும் சொன்னதில்லை. வழியிலே ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் எங்களோடு சிறிது தூரம் நடந்தார். எங்கள் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்ததை அவர் கோயில் மலை, சவுக்கு மலை, பழைய லயத்து மலை என்று தனித்தனியே பெயர் சொல்லிக் காட்டினார். எங்கள் படத்தில் அவற்றுள் ஒன்றுமில்லை.

“இதெல்லாம் எதுல எழுதியிருக்குங்க தாத்தா?” என்று கேட்டான் அந்தப் பையன்.

“எழுதுறதுக்கு யாரு கேட்டா தம்பி?” என்றார் அவர்.

பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயரோடு, தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயரும் உண்டு. தோட்டங்களின் தமிழ்ப் பெயர்கள் சில பழைய கைந்நூல்களில் அச்சேறின. மலைகளின் பெயர்களோ பெரும்பாலும் முதியோரின் நாவில் மாத்திரமே வாழ்கின்றன. இளையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிச் சென்றுவிட, கேட்பாருமின்றிப் போகின்றன.

ஆகவே, விடுமுறையில் இவ்வழி நடக்க எண்ணும் இளைஞர்கள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லட்டும். காட்சி முனைகளில் படமெடுத்த பின், லயத்து வாசலில் அனுமதி கேட்டு அமரட்டும். இந்த மலைக்கு என்ன பெயர், ஏன் அப்பெயர், யார் சொன்னது என்று கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் குறித்துக் கொள்ளட்டும். அன்று எங்கள் கொப்பியில் ஏறியவை பதினொரு பெயர்கள். ஒரு கட்டத்தில் பாதித் தூரம்கூட நாங்கள் நடக்கவில்லை.