நிமிடங்களைக் கணக்கிட்ட நூலகம்

(பஞ்சாலைத் தொழிலாளர் சங்க வாசகசாலையின் ஆண்டு விழாவில், ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை.)



மேடைக்கு வருமுன் ஒரு தோழர் என்னை வழிமறித்தார். ஸ்பின்னிங் இலாகாவில் வேலை. தலையில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. "ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே! எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? அது பட்டம் வாங்கியவர்கள் சமாச்சாரம் அல்லவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்று என் வேலை.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1850-ம் வருஷச் சட்டப்படி, இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் பெண்களுக்கும் இளம் தொழிலாளருக்கும் வேலை நேரம் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. நடுவே காலை உணவுக்கு அரை மணி, பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணி. சனிக்கிழமை பகல் 2 மணிக்கு ஆலை நிற்க வேண்டும். இது சட்டம்.

முதலாளி என்ன செய்தான்? காலையில் 15 நிமிடம் முன்னதாகவே எந்திரத்தை ஓட்டினான். மாலையில் 15 நிமிடம் கழித்து நிறுத்தினான். காலை உணவு நேரத்தில் முன்னும் பின்னுமாகப் 10 நிமிடம் பிடுங்கினான். பகல் சாப்பாட்டில் 20 நிமிடம். ஆக, நாள் ஒன்றுக்கு 60 நிமிடம். ஐந்து நாளைக்கு 300. சனிக்கிழமை 40. வாரத்துக்கு 340 நிமிடம், அதாவது 5 மணி 40 நிமிடம்! வருஷத்தில் 50 வாரம் என்று வைத்தால், 27 வேலை நாள்!

சங்கு ஊதுவதற்கு முன் கொஞ்சம், ஊதிய பின் கொஞ்சம். பார்த்தால் அற்பம். கூட்டிப் பார்த்தால், ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பே திருட்டுப் போயிருக்கிறது!

தோழர்களே, இந்தக் கணக்கைப் போட்டது யார்? சர்க்காரின் பாக்டரி இன்ஸ்பெக்டர்கள் எழுதி வைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் லெனார்டு ஹார்னர். அவர் தொழிற்சங்கத் தலைவர் அல்ல. பூமியின் பாறைகளை ஆராய்ந்த விஞ்ஞானி. 1833 முதல் 1859 வரை இன்ஸ்பெக்டராக இருந்தார். ஆலை முதலாளிகள் அவரை வசை பாடினார்கள். அவர் அஞ்சவில்லை. கண்டதை எழுதினார்.

எழுதியது அச்சாயிற்று. அச்சானது பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்குப் போயிற்று. அவர்கள் படித்தார்களா? பலர் அந்தப் புத்தகங்களை இலக்காக நிறுத்தித் துப்பாக்கி சுட்டுப் பழகினார்களாம்! குண்டு எத்தனை பக்கம் துளைத்தது என்று பார்த்துத் துப்பாக்கியின் பலத்தை அளந்தார்களாம். மற்றவர்கள் எடைக்குப் போட்டார்கள். மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் இதை எழுதியிருக்கிறார். பழைய காகிதக் கடையில் அந்தப் புத்தகங்களை மார்க்ஸ் விலைக்கு வாங்கியதையும் அவர் சொல்கிறார்.

கார்ல் மார்க்ஸ் 1849-ல் நாடு கடத்தப்பட்ட அகதியாக லண்டனுக்கு வந்தார். 1850-ல் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் படிக்க அனுமதிச் சீட்டுப் பெற்றார். வீட்டில் வறுமை தாண்டவமாடியது. 1852-ல் கோட்டை அடகு வைத்துவிட்டு வெளியே போக வழியில்லாமல் இருந்ததை அவரே எங்கெல்சுக்கு எழுதினார். அப்படிப்பட்ட மனிதர், கோட்டு கைக்கு வந்ததும் எங்கே போனார்? நூலகத்துக்கு! 1850 முதல் 1853-க்குள் அவர் குறிப்பெழுதி நிரப்பிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும் 24!

என்ன படித்தார்? பொருளாதாரம் மட்டுமா? இல்லை. மண்ணின் சத்தைப் பற்றி லீபிக் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் எழுதியதைப் படித்தார். ஏன்? விளைந்ததெல்லாம் பட்டணத்துக்குப் போய், எரு மட்டும் வயலுக்குத் திரும்பாவிட்டால் நிலம் மலடாகும். உழைப்பாளியை உறிஞ்சும் அதே முறை மண்ணையும் உறிஞ்சுகிறது என்று கண்டார். எந்திரங்களின் வரலாற்றைப் படித்தார். புத்தகம் போதாதென்று, 1863-ல் பேராசிரியர் வில்லிஸ் தொழிலாளர்களுக்கு நடத்திய எந்திர வகுப்பில் போய் உட்கார்ந்தார். நம் பக்கத்துக் கிராம சமுதாயத்தை அறிய, வில்க்ஸ் என்ற ராணுவ அதிகாரி எழுதிய தென்னிந்திய வரலாற்றையும் புரட்டினார். ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவே வேலி இருப்பதாக அவர் எண்ணவில்லை. 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில், நான் சொன்ன அந்த 27 நாள் கணக்கும் இடம்பெற்றது.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்கள் கணக்கும் அதில் இருக்கிறது. 1860-களில் டாக்டர் ஹண்டர் என்பவர் இங்கிலாந்து விவசாயக் கூலிகளின் குடிசைகளை ஆராய்ந்தார். பார்த்த குடிசைகள் 5,375. அவற்றில் 2,195-ல் படுக்க ஒரே ஓர் அறை. 2,930-ல் இரண்டு. இரண்டுக்கு மேல் அறை இருந்தவை 250 மட்டும்! ஜனத்தொகை கூடிய ஊர்களிலேயே வீடுகள் குறைந்திருந்தன. ஏன்? கூலிக்காரன் ஊரில் குடியிருந்தால் ஏழை நிவாரண வரி தன் தலையில் விழுமென்று நிலப்பிரபு குடிசைகளை இடித்தான். வயலில் வேலை செய்ய ஆள் வேண்டும். ஊரில் குடியிருக்க ஆள் வேண்டாம்! இந்த நியாயம் உங்களுக்குப் புதிதா, தோழர்களே?

ஹார்னரும் ஹண்டரும் கம்யூனிஸ்டுகள் அல்லர். ஆனால் நேர்மையாக எண்ணினார்கள், நேர்மையாக எழுதினார்கள். அதை ஒரு நூலகம் பாதுகாத்தது. அதை ஒரு மனிதர் தேடிப் படித்து உழைப்பாளியின் கையில் கொடுத்தார். இந்த மூன்று வேலையும் சேர்ந்ததுதான் ஆராய்ச்சி. ஒன்று அறுந்தாலும் உண்மை அலமாரியில் தூங்கும்.

அந்த நூலகத்தின் கதவும் தானாகத் திறந்துவிடவில்லை. அதை வளர்த்தவர் அந்தோனியோ பனிட்சி. இத்தாலியிலிருந்து தப்பி 1823-ல் இங்கிலாந்து வந்த அகதி. இத்தாலியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டின் முதல் பணக்காரனுக்குக் கிடைக்கும் புத்தகம் ஏழை மாணவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று 1836-ல் பார்லிமெண்டு கமிட்டி முன் வாதாடினார். புத்தகம் அச்சிடுகிறவர் ஒரு பிரதி தர வேண்டும் என்ற சட்டத்தைக் கறாராக அமல் நடத்தினார். தேடுகிறவன் திண்டாடாமலிருக்க, புத்தகப் பட்டியல் தயாரிக்க 91 விதிகள் உருவாயின. 1857-ல் வட்டக் கூரையுடன் பெரிய வாசிப்பு மண்டபம் திறந்தது. 

நம் நாட்டுக்கு வருவோம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படவே என்பதை நூலகத்தின் முதல் விதியாக 1931-ல் வகுத்தார். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வந்தது. வாடகைக் குடித்தனக்காரரும் வாடகையில் அதைக் கட்டுகிறார். 1954-ம் வருஷச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தின் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். ஆகவே, நூலகம் தர்ம சத்திரம் அல்ல. நம் காசில் நடக்கும் நம் சொத்து!

ஆனால் தோழர்களே, உங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். இந்த வாசகசாலையின் பதிவேட்டைப் புரட்டினேன். பேப்பர் படிக்க வந்தவர் கையெழுத்து நிறைய. புத்தகம் எடுத்தவர் கையெழுத்து சொற்பம். அலமாரிச் சாவியைத் தேட அரை மணி ஆயிற்று! இனி அந்தச் சாவி ஆணியில் தொங்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். நோட்டுகளைச் சங்கத்தில் சேர்த்து வையுங்கள். பேச்சு வார்த்தையில் முதலாளி தன் கணக்கை நீட்டும்போது நம் கணக்கு நம் கையில் இருக்கும்.

கேள்வி கேட்ட ஸ்பின்னிங் தோழரே! ஆராய்ச்சி எதற்கு என்றீர்கள். உங்களிடமிருந்து எத்தனை நிமிடம் போகிறது என்று தெரிந்துகொள்ள! முதல் நோட்டை நான் வாங்கி வந்திருக்கிறேன். மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.