பயத்தோடு எழுந்தவர்கள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

மலையிலிருந்து கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மாரே, தோட்டத் தலைவர்களே, இளைஞர்களே!

சம்பளத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று சம்பளத்தைக் கேட்கவிடாமல் நம் வாயைக் கட்டும் பயத்தைப் பற்றிப் பேசுவோம்.

இந்தப் பயத்துக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒரே லயத்தில் இருந்த உறவுகளைக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரித்தது. 1983 ஜூலையில் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் இரவைக் கழித்த தாய்மார் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள். "வாயை மூடிக்கொண்டு இரு" என்று அவர்கள் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அன்று அது உயிரைக் காத்தது.

இன்று அந்த மௌனம் யாரைக் காக்கிறது? கொழுந்து நிறுக்கும்போது காரணம் சொல்லாமல் கிலோ கழிக்கிறார்கள். நாம் பேசாமல் நிற்கிறோம். நாள் முழுக்க உழைத்தவருக்கு அரைப் பேர் போடுகிறார்கள்; தலையைக் குனிந்துகொண்டு லயத்துக்குத் திரும்புகிறோம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம் பையனைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனால், என்ன குற்றம் என்று கேட்கவும் பயப்படுகிறோம். நம்முடைய மௌனத்தால் லாபம் அடைகிறவர் நாம் இல்லை.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தவளுக்குத்தான் குறைவு. அது எப்போது மாறியது? 1984இல். ஜூலைக் கலவரம் நடந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. எந்த நேரம் என்ன நடக்குமோ என்று எல்லா லயத்திலும் நடுக்கம் இருந்த நேரம். அந்த நேரத்தில்தான், ஏப்ரல் மாதம், சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது.

அன்று பெரட்டுக்குப் போகாமல் நின்ற பெண்களுக்குப் பயம் இல்லையா? இருந்தது. பக்கத்துக் காம்பிராக்காரியும் நிற்கிறாள், மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் நிற்கிறது என்று தெரிந்ததால் அவர்களும் நின்றார்கள். பயம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால், நமக்கு இன்றும் சம சம்பளம் கிடைத்திருக்காது.

ஆகவே தோழர்களே, நாளையிலிருந்து செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

குறை சொல்ல ஒருவரும் தனியாக ஆபீசுக்குப் போக வேண்டாம். மூன்று பேராவது சேர்ந்து போங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கிலோ கழித்தால் திகதியையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். படிக்கும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

யாரையாவது கைது செய்தால், எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி என்று உடனே குறித்துக்கொண்டு தலைவருக்குச் சொல்லுங்கள். கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் நாட்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் 14ஆம் உறுப்புரை தந்த உரிமை. யாரிடமும் கெஞ்சிப் பெற்றது அல்ல.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 83ஐச் சொல்லும்போது 84ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடி ஒளிந்த கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, நாம் எழுந்து நின்ற கதையும் தெரிய வேண்டும்.

நாளைக் காலை தராசுக்கு முன்னால் ஒருத்தி வாய் திறந்தால், அவளைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். முதலில் அது போதும்.