விலை இறங்கியது காருக்கு மட்டும்தான்

(பழைய ஆடம்பரக் கார் வசதியா, வம்பா என்பது பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கிள்ளானில் கார் பட்டறை நடத்தும் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய தம்பி அழகாகப் பேசினார். "புதிதாக வாங்க வழியில்லாத காரை, பழையதாக மலிவு விலைக்கு வாங்கினால் என்ன தப்பு?" என்று கேட்டார். தப்பே இல்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்கிறேன். விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். உதிரிப்பாகத்துக்கு இறங்கவில்லை. சாலை வரிக்கு இறங்கவில்லை. பெட்ரோலுக்கு இறங்கவில்லை.

நான் இருபத்தாறு வருடங்களாகப் பட்டறை வைத்திருப்பவன். பழைய ஜெர்மன் கார்களால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. வாங்காதீர்கள் என்று நானே சொன்னால் என் பிழைப்பு என்னாவது? ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்குப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் கணக்கு சாலை வரி

ஒரே ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2010 வரை தயாரான பி.எம்.டபிள்யூ எம்5. இ60 என்று சொல்வார்கள். பார்த்தால் குடும்பக் கார். மூடியைத் திறந்தால் பத்து சிலிண்டர், 4,999 சிசி, 507 குதிரைசக்தி. அந்த எஞ்சின் உலக அளவில் விருது வாங்கியது. ஓட்டிப் பார்த்தவனுக்கு ஆசை விடாது, எனக்கும் விட்டதில்லை.

தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள காருக்கு 3,000 சிசி வரை சாலை வரி 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. கூட்டிப் பாருங்கள். இந்தக் காருக்கு வருடத்திற்கு 11,125 வெள்ளி 50 காசு வருகிறது. மாதக் கணக்கில் 900 வெள்ளிக்கு மேல். பக்கத்து வீட்டு 1,300 சிசி மைவிக்கு வருடம் முழுவதற்கும் 70 வெள்ளி. கார் எவ்வளவு குறைவாக ஓடினாலும் இந்த வரித் தொகை குறையாது. 

அடுத்தது காப்புறுதி. பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு முழுக் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. பெட்ரோலோ, நிறுவனம் சொன்ன கணக்குப்படியே நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 லிட்டர் குடிக்கும். மாலை நேரத்துக் கூட்டரசு நெடுஞ்சாலையில் அது எவ்வளவு குடிக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். அதுவும் மானியம் இல்லாத ரோன் 97.

உள்ளே தேய்வது என்ன?

இனி பட்டறைக்குள் வாருங்கள். எஞ்சினுக்குள் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டின் அடியில் மெல்லிய பேரிங் தகடுகள் இருக்கும். பத்து சிலிண்டருக்கு இருபது தகடு. உலோகத்தோடு உலோகம் உரசாமல் நடுவில் எண்ணெய்ப் படலம் காக்க வேண்டும். இந்த எஞ்சினில் அந்தத் தகடு சீக்கிரம் தேய்கிறது. இடைவெளி மிகக் குறைவாக அமைந்ததுதான் காரணம் என்பது பிரித்துப் பார்த்தவர்கள் பலரின் கருத்து. போதாததற்கு, இதற்கு ஊற்றுவது 10டபிள்யூ-60 என்னும் கெட்டியான எண்ணெய். காலையில் குளிர்ந்த எஞ்சினை முறுக்கினால் தேய்மானம் இன்னும் கூடும். எண்ணெய் சூடேறும் வரை முறுக்காதே என்று மீட்டரிலேயே விளக்கு எரிந்து எச்சரிக்கும். அந்த விளக்கை மதிப்பவர் எத்தனை பேர்?

விவரம் தெரிந்த உரிமையாளர்கள் பலர் 100,000 கிலோமீட்டர் வாக்கில், சத்தம் வருவதற்கு முன்பே அந்தத் தகடுகளை மாற்றிவிடுகிறார்கள். முன் சட்டத்தை இறக்கி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் செய்கிற வேலை. செலவு உண்டு. ஆனால் சத்தம் வந்த பிறகு வந்தால் தகடு மட்டும் போவதில்லை, எஞ்சினே போய்விடும்.

கியர் பெட்டி இன்னொரு கதை. வட அமெரிக்காவில் மட்டும்தான் இந்தக் காருக்குக் கையால் போடும் கியர் கிடைத்தது. மற்ற நாடுகளுக்கு எஸ்.எம்.ஜி. பார்ப்பதற்கு ஆட்டோ மாதிரி. உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச். அதை அழுத்தி விடுவது ஒரு ஹைட்ராலிக் பம்ப். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் தேயும். பம்ப் படுத்தால் காரும் படுத்துவிடும்.

இதோடு நம் ஊர் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய், பிளாஸ்டிக் தொட்டி, ரப்பர் புஷ் எல்லாம் வெந்து வெந்து வெடிக்கும். ஒன்றை மாற்றினால் அடுத்தது வரிசையில் நிற்கும்.

கொட்டகையில் நிற்கும் கார்

இப்போது ஒரு உண்மைச் சம்பவம். ஒரு பெரியவர். முப்பது வருடம் உழைத்தவர். ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், வாழ்நாள் ஆசை என்று இந்தக் காரை வாங்கினார். கையிருப்பு முழுவதும் காருக்கே போய்விட்டது. முதல் முறை என்னிடம் வந்தபோது எண்ணெய் வடிகட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புத் துகள் மின்னியது. "ஐயா, இனி ஓட்டாதீர்கள், பேரிங் பார்த்துவிடலாம்" என்றேன். செலவைக் கேட்டார். பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த மாதம் பார்ப்போம் தம்பி" என்றார்.

அடுத்த மாதம் கார் இழுவை லாரியில் வந்தது. எஞ்சினை மாற்றும் செலவு அவர் கொடுத்த விலையையே நெருங்கியது. பொத்தோங் கடைகளில் தேடினோம். நல்ல எஞ்சின் சுலபத்தில் கிடைக்குமா? கிடைத்தாலும் அதே பேரிங் நோய் அதற்கும் இருக்காது என்று யார் உறுதி சொல்வது?

இரண்டு வருடமாக அந்தக் கார் என் கொட்டகையில் நிற்கிறது. மாதம் ஒரு முறை வந்து துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். வாடகை கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் துணைவியார் ஒரு முறைதான் வந்தார். காரைப் பார்க்கவில்லை. "இது இல்லாவிட்டால் சின்னவளின் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து யார் பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வந்தாலும், முதலில் வீட்டில் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

மீட்டரை நம்பாதீர்கள், பில்லை நம்புங்கள்

என் அக்கா மகனும் இதே காருக்கு ஆசைப்பட்டான். "மாமா, 98,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, மலிவா வருது" என்றான். கணினியை மாட்டிப் பார்த்தேன். மீட்டரில் ஒரு கணக்கு, காரின் இன்னொரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் 163,000. கொடுத்த முன்பணம் போனது போனதுதான். "மாப்பிளே, அது படிப்புக்குக் கட்டிய கட்டணம்" என்றேன்.

எட்டு மாதம் கழித்து வேறொன்று பார்த்தான். 150,000 கிலோமீட்டர் ஓடியது. விலையும் கூடுதல். ஆனால் முதல் உரிமையாளர் ஒரு கோப்பு நிறைய பில் வைத்திருந்தார். பேரிங் மாற்றிய பில், கிளட்ச் மாற்றிய பில், எண்ணெய் மாற்றிய தேதி எல்லாம் இருந்தன. வாங்கு என்றேன். இன்றும் ஓடுகிறது. அதிக தூரம் ஓடிய காரைக் கண்டு பயப்படாதீர்கள். பில் இல்லாத காரைக் கண்டு பயப்படுங்கள்.

அவனிடம் நான் போட்ட நிபந்தனைகளையே உங்களுக்கும் சொல்கிறேன். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடப் பழுதுக்காகத் தனிக் கணக்கில் போடுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் கார் வாங்கவும் பணம் இல்லை என்று பொருள். பணம் கொடுக்கும் முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் சோதியுங்கள். வேலைக்குப் போக ஒரு சின்னக் கார் வேறாக வைத்திருங்கள். வீட்டுத் தவணை, பிள்ளைகள் படிப்பு, சேமநிதி, இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

தம்பிமார்களே, நல்ல காரை ரசிப்பது குற்றமில்லை. அது வாசலில் நிற்கும்போது ஊர் பார்க்கும். பட்டறையில் நிற்கும்போது நீங்களும் நானும்தான் பார்ப்போம். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.