எந்த விதை? எத்தனை நாள் தேடுவது?



குறுவைக்கு விதை வாங்கக் கிளம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருத்தர் நாலு கடை ஏறி இறங்குவார். 'இதைவிட ஒசந்த ரகம் டவுனில் வந்திருக்காமே' என்று கேள்விப்பட்டால் அங்கேயும் ஓடுவார். இன்னொருத்தர் தனக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் மூட்டையோடு வீடு வந்து சேர்ந்துவிடுவார். இவரைச் சோம்பேறி என்பாங்க. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஆடுதுறை 43, 110 நாள் ரகம். ஜூன் 20-ல் விதை விட்டால் அக்டோபர் 8 வாக்கில் அறுப்பு. தேடித் தேடி ஜூலை 10 ஆகிவிட்டால் அறுப்பு அக்டோபர் 28. வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைவிட்ட பிறகு ஒசந்த ரகமாக இருந்து என்ன பிரயோஜனம்?

ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார். எல்லாவற்றிலும் சிறந்ததைக் கண்டுபிடிக்க மனுஷனுக்கு நேரமும் போதாது, விவரமும் போதாது. அதனால் 'இவ்வளவு இருந்தால் சரி' என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதை எட்டியதை எடுத்துக்கொள்கிறான் என்றார். 1978-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சான்று விதை மூட்டையில் தொங்கும் நீல அட்டையும் அப்படி ஓர் அளவுதானுங்க. நெல்லுக்கு முளைப்புத்திறன் 80 சதம் இருந்தால் தேறிவிடும். நூற்றுக்கு நூறு கேட்டால் விதையே கிடைக்காது!

சிறந்ததையே தேடுகிறவருக்கு லாபம் இல்லாமல் இல்லை. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலை தேடிய மாணவர்களில் இப்படிப்பட்டவர்களுக்கு 20 சதம் கூடுதல் சம்பளம் கிடைத்தது. ஆனால் மனத் திருப்தி மற்றவர்களைவிடக் குறைவு. பக்கத்து வயல் கதிரைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களை நமக்கும் தெரியுமே.

ஆகவே வீட்டிலேயே மூன்றைத் தீர்மானித்துக்கொண்டு கிளம்புங்கள்: மழைக்கு முன் அறுக்கும் வயது, காலாவதியாகாத நீல அட்டை, உங்கள் பகுதியில் விலைபோகும் நெல். மூன்றும் பொருந்திய முதல் விதையை வாங்குங்கள். தென்னங்கன்று என்றால் பேச்சு வேறு. அது இரண்டு தலைமுறைக்கு நிற்கும், தாராளமாகத் தேடலாம். நெல்லில் புது ரகத்தின் மேல் ஆசை விடவில்லையென்றால், பத்து சென்ட்டில் மட்டும் நட்டு, தனியே அறுத்து எடை போடுங்கள்.