தபால் இன்ஸ்பெக்டர் வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும்?

(ஏலாக்குறிச்சியில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தபாலாபீஸைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் தபாலாபீஸ் பாஸ் புத்தகம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெண் குழந்தையின் பெயரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் பணம், வெளியூர் ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பும் பணம், கோர்ட்டு நோட்டீஸ், மகனுக்கு வரும் வேலை உத்தரவு, இத்தனையும் அந்தச் சிறிய ஆபீஸ் வழியாக வருகின்றன. கடிதம் இரண்டு நாள் தாமதித்தால் பணம் படைத்தவனுக்குக் கோபம் வரும். ஏழைக்கோ கிடைத்த வேலையே கைநழுவிப் போகும். ஆகவே, அந்த ஆபீஸைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரின் கடமை என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தபால் பிரிக்கும் வேலையைப் பார்ப்போம். நம் பகுதி 1995 வரை திருச்சி ஜில்லா. பிறகு பெரம்பலூர் ஜில்லா. 2001-ல் அரியலூர் தனி ஜில்லாவாயிற்று. மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007-ல் மீண்டும் தனியாயிற்று. முகவரியில் ஜில்லாவின் பெயரை மட்டும் நம்பியிருந்தால் நம் கடிதங்கள் ஊர் ஊராகச் சுற்றியிருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த ஆறு இலக்கப் பின்கோடுதான் காப்பாற்றியது. அரியலூருக்கு 621704. முதல் மூன்று எண்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்று எண்கள் பட்டுவாடா செய்யும் ஆபீஸைக் காட்டும்.

எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் இன்று நாம் பிரித்து எழுதும் முறையைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் இருந்து தொண்டாற்றிய ஊர் இது. இந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே ஏகாரம். இரவெல்லாம் கண்விழித்துக் கடிதம் பிரிக்கும் சார்ட்டருக்குத் தெளிவான எழுத்தும் சரியான எண்ணும் நாம் செய்யும் உதவியாகும்.

அங்கே இன்ஸ்பெக்டரின் வேலை என்ன? பையின் சீல் உடையாமல் வந்ததா, லிஸ்டில் எழுதிய பதிவுத் தபாலும் பையில் உள்ள தபாலும் ஒத்துப் போகின்றனவா, முத்திரையில் அன்றைய தேதி தெளிவாக விழுகிறதா, பட்டுவாடாவாகாத கடிதம் மூலையில் தேங்கிக் கிடக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். தேதி முத்திரை சாமானிய விஷயமல்ல. கடிதம் எந்த இடத்தில் எத்தனை நாள் தூங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, கணக்கு. கிராமத் தபாலாபீஸில் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் முதலில் ரொக்கத்தையும் ஸ்டாம்புகளையும் எண்ண வேண்டும். கணக்கில் உள்ள இருப்போடு ஒப்பிட வேண்டும். அடுத்து, சேமிப்புக்காரர்களின் பாஸ் புத்தகங்களை வரவழைத்து, அவற்றில் உள்ள தொகையும் ஆபீஸ் கணக்கில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பணம் வந்ததாகக் கையெழுத்தோ ரேகையோ விழுந்திருந்தால், அந்த மனிதரையே நேரில் கேட்க வேண்டும். ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. பாஸ் புத்தகத்தில் தொகை ஏறும், சர்க்கார் கணக்கில் ஏறாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பாஸ் புத்தகம் ஆபீஸிலேயே கிடந்தால் இந்த மோசடி சுலபம். நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் இன்ஸ்பெக்டருக்கு இது தெரியவே தெரியாது. தெருவுக்கு வந்து நம்மைக் கேட்பவருக்கே தெரியும்.

இப்போது காலம் மாறிவிட்டது. பழைய மணியார்டர் பாரம் 2015-ல் முடிந்தது. 2017 டிசம்பரில் தொடங்கிய தர்ப்பண் திட்டத்தில் கிராம ஆபீஸ்களுக்குக் கைக்கருவி வந்தது. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கணக்கு உடனுக்குடன் கம்ப்யூட்டரில் ஏறுவது நல்லதுதான். ஆனால் கருவியில் ஏற்றினால்தானே ஏறும்? பணத்தை வாங்கிக்கொண்டு, "நெட்வொர்க் இல்லை, நாளைக்குப் பதிகிறேன்" என்றால் நம் கையில் இருப்பது என்ன? ரசீது ஒன்றே ஆதாரம்.

தோழர்களே! இவ்வளவும் சொன்னதால், கிராமத் தபால் ஊழியர் நமக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவரே. "இ.டி." என்று அழைக்கப்பட்டவர்கள் இன்று கிராமிய டாக் சேவக். அவர்கள் வகிப்பது சிவில் பதவி என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன பிறகும், முழு இலாகா ஊழியருக்குரிய சம்பளமும் பென்ஷனும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2018 மே 22-ல் தொடங்கிப் பதினாறு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அவர்களுடைய ஊதிய மாற்றத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் தந்தது. நான்கு மணி நேர வேலை செய்யும் கிளை போஸ்ட் மாஸ்டருக்கு ஆரம்பத் தொகை 12,000 ரூபாய். இதில் குடும்பம் நடத்துகிறவரிடம்தான் ஊரார் பணமெல்லாம் வந்து சேர்கிறது. தபால்காரர்களின் போராட்டம் நேற்று முளைத்ததல்ல. 1946 ஜூலையில் அவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை 29-ல் கல்கத்தா நகரமே அவர்களுக்காகப் பொது வேலைநிறுத்தம் செய்தது.

ஆகவே நல்ல சோதனை என்பது ஏழை ஊழியனை மிரட்டுவதல்ல. நேர்மையான ஊழியனுக்கு அதுவே பாதுகாப்பு. கணக்கு ஒழுங்காக இருந்தால் வீண் பழி அவர்மேல் விழாது. மோசடி வெளியானால் மேற்பார்வை செய்யத் தவறியவர் யார் என்றும் கேட்க வேண்டும். பலமுறை நடப்பது என்ன? "நீயும் கவனக்குறைவாக இருந்தாய்" என்று சொல்லிச் சின்ன சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொறுப்பு மேலே ஏறவும் வேண்டும் என்பதை இந்த மண் கண்டிருக்கிறது.

ஓர் இன்ஸ்பெக்டரிடம் பல ஆபீஸ்களை ஒப்படைத்து, புதிய கணக்கு பிடி, இன்ஷூரன்ஸ் பிடி என்று இலக்கு வைத்து விரட்டினால், அவர் சோதனைக்கு எப்போது வருவார்? இதையும் சர்க்காரைக் கேட்டாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை இவை. பாஸ் புத்தகத்தை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். பணம் கட்டினால் அங்கேயே ரசீது கேளுங்கள். படிக்கத் தெரிந்த வாலிபர்கள் மாதம் ஒரு நாள் தெருவில் உட்கார்ந்து, பாஸ் புத்தகத்தையும் ரசீதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்டால் தேதியோடும் தொகையோடும் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றைக் கையில் வையுங்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஒளிந்துகொள்ள வேண்டாம். நாலு பேராகப் போய், "எங்கள் தெருவுக்கும் வாருங்கள், எங்கள் புத்தகத்தையும் பாருங்கள்" என்று கூப்பிடுங்கள்.

கூலிக்காரனின் நூறு ரூபாயும் கணக்கில் சரியாக ஏற வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேட்போம், ஒன்றாகச் சேர்ந்து கேட்போம்!