அந்நிய பாஷையும் சரஸ்வதி கடாட்சமும்

(சேக்காட்டில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



செல்போன் விளையாட்டினாலும், கைகால்களை அசைத்து ஆடுவதினாலும் அந்நிய பாஷையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒருவனுக்குப் படிப்பு எப்படி வருகிறது என்று கேட்டால், சரஸ்வதி கடாட்சம் வேண்டும், தலையில் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் நம் ஜனங்களில் பலர் இன்றும் சொல்லும் பதில். காளி நாக்கிலே எழுதினாள், காளிதாசன் கவியானான் என்று கதை வேறு. வருஷா வருஷம் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்துப் பூசை செய்கிறோம்; அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவும் கூடாதாம்! சரஸ்வதிக்குப் பொட்டு வைக்காத ஜெர்மனியிலும் கொரியாவிலும் படிக்கத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்நிய பாஷை நமக்கு எதற்கு? இந்தச் சேக்காட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் 1965-ல் வெளிவந்த விஜயந்தா இங்கிலீஷ்காரன் அமைப்பு. பின்னால் செய்த டி-72 ருஷ்யாக்காரன் அமைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார் வண்டி செய்கிற ஹூண்டாய் கொரியாக்காரன் கம்பெனி. 2024 நவம்பரில் பட்டாபிராமிலேயே 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். இயந்திரத்தைத் தொடுகிறவன் நம் பிள்ளை. அதைச் செய்தவன் பேச்சு மட்டும் அவனுக்குத் தெரியாது. ஆகவே நடுவில் ஒரு தரகன் வருகிறான். கோயிலில் புரியாத பாஷையில் முணுமுணுத்துத் தட்சணை வாங்குகிறவனுக்கும், வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் புரியாத ஒப்பந்தத்தில் கைரேகை வாங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருக்கும் நம்முடைய அறியாமைதான் முதல்.

இனி வழியைப் பார்ப்போம். அமெரிக்காவில் சான் ஹோசே கல்லூரியில் மனோதத்துவ ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் ஆஷர் என்பவர் 1960-களில் ஒரு முறையைச் சோதித்தார். குழந்தை பேசுவதற்கு முன்னால் எத்தனையோ மாதம், "வா, உட்கார், வாயைத் திற, பந்தை எடு" என்பதைக் கேட்டுக் கேட்டு உடம்பினாலேயே பதில் சொல்லுகிறதல்லவா? அதுதான் அவருக்கு ஆதாரம். ஆசிரியர் அந்நிய பாஷையில் "எழுந்திரு" என்று சொல்லித் தாமும் எழுந்திருப்பார், மாணவரும் எழுந்திருப்பார்கள். பிறகு "கதவண்டை போ", "புத்தகத்தை நாற்காலி மேல் வை" என்று வளரும். மொழிபெயர்ப்பு கிடையாது, பேசு என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. காது பழகிய பின் வாய் தானே திறக்கும். அவர் முதலில் சோதித்த பாஷைகளில் ருஷ்யமும் ஜப்பானியமும் உண்டு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட, செய்து பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருக்கக் கண்டார்.

இது நம் நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். உட்கார்ந்து ஓதுவது மேல்ஜாதிக்கு, உடம்பை அசைத்து உழைப்பது கீழ்ஜாதிக்கு என்று வகுத்த நாடு இது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்த நாடு இது. அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறவன் பண்டிதன். அர்த்தம் தெரிந்து வேலை செய்கிறவன் மூடன்! பாஷை உடம்பின் வழியாக வருகிறதென்றால், உழைக்கிறவனுக்குப் படிப்பு வராது என்ற பித்தலாட்டம் அங்கேயே உடைந்து போகிறதா இல்லையா?

பெண்பிள்ளைகளை ஓடாதே, உரக்கப் பேசாதே என்று அடக்குகிறோம். பையனிடம் செல்போனைக் கொடுத்துவிட்டுப் பெண்ணிடமிருந்து பிடுங்குகிறோம். ஓடாமல், பேசாமல், கருவியையும் தொடாமல் அவள் எதைக் கற்பாள்?

செல்போன் விளையாட்டுக்கு வருகிறேன். படித்ததை மனிதன் எவ்வளவு சீக்கிரம் மறக்கிறான் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே அளந்து எழுதினார். மறக்கப்போகிற சமயத்தில் மறுபடி கேட்டால் நிற்கும் என்பது அதிலிருந்து பிறந்த யுக்தி. குவாத்தமாலா நாட்டிலிருந்து வந்த லூயிஸ் வான் ஆன் என்பவரும் செவரின் ஹாக்கர் என்பவரும் 2012-ல் வெளியிட்ட டுவோலிங்கோ முதலிய விளையாட்டுகள் இதைத்தான் செய்கின்றன. ரயிலில் போகும் தொழிலாளி பத்து நிமிஷத்தில் பத்து வார்த்தை பழகலாம். தப்பாகச் சொன்னால் சிரிக்க ஆளில்லை. ஜாதி கேட்க ஆளில்லை.

ஆனால் அதையும் கடவுளாக்கிவிடாதீர்கள். இத்தனை நாள் விடாமல் ஆடினேன் என்ற கணக்கு ஒரு நாள் அறுந்தால், விரதம் முறிந்ததுபோல் சிலர் பதறுகிறார்கள். அந்தக் கணக்கு கம்பெனிக்காரன் வியாபாரத்துக்கும் உதவுகிறது. படத்தைத் தொட்டால் வார்த்தை வரும். எதிரே நிற்கும் மனிதனோடு பேச, மனிதனோடுதான் பழக வேண்டும். ஆகவே மாலையில் பத்துப் பேர் கூடுங்கள். தெரிந்த ஒருவர் சொல்ல, மற்றவர் செய்யுங்கள். இதற்குக் கட்டடமும் வேண்டாம், முகூர்த்தமும் வேண்டாம்.

"அப்படியானால் இந்தியை ஏன் எதிர்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். 1938-ல் ஆச்சாரியார் மந்திரிசபை பள்ளிப் பிள்ளைகள்மேல் சுமத்தியதைத்தான் எதிர்த்தோம். 1940-ல் அந்தக் கட்டாயம் எடுபட்டது. விரும்பிக் கற்பது அறிவு. கழுத்தைப் பிடித்துக் கற்பிப்பது ஆதிக்கம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்த முறை கட்டளையில் ஆரம்பிக்கிறது. நில் என்றால் நின்று, உட்கார் என்றால் உட்காருவதோடு நின்றுவிட்டால், நாம் கற்றது அடிமைப் பாஷைதான். ஆஷர் முறையிலேயே, பின்னால் மாணவன் கட்டளையிடுவான், ஆசிரியர் செய்வார். நீங்களும் முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள். "எழுந்திரு" என்பதற்கு அடுத்தபடியாக "ஏன்?" என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரன் "வாரும்" என்பான். ஜப்பான்காரன் "நாஸே" என்பான். கொரியாக்காரன் "வே" என்பான். எந்த பாஷையில் கேட்டாலும் அந்தக் கேள்விதான் மனிதனை மனிதனாக்கும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.