மணி அய்யர் எழுதிய மனு
(மரக்காணத்தில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



அமெரிக்க நாட்டின் முதற் பிரதம நீதிபதியாகிய ஜான் ஜே என்பாரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருந்தனர். 1789-ல் அப்பதவியேற்ற அவர், 1795-ல் அதைத் துறந்து நியூயார்க் கவர்னரானார். நியாயாசனத்தையும் நாட்டுக் காரியத்தையும் ஒருங்கே தாங்கிய அத்தகையார் நம் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்க, கடல் கடந்து செல்வானேன் என்றெண்ணி, சர் எஸ். சுப்பிரமணிய அய்யரை எடுத்துக்கொண்டோம். மணி அய்யர் என்பது அவருக்கு வழங்கிய பெயர். சங்கீத வித்துவான் மதுரை மணி அய்யர் வேறு, இவர் வேறு.

1842-ல் மதுரையில் பிறந்து, குழந்தையிலேயே தந்தையை இழந்து, குமாஸ்தாவாக உழைத்துச் சட்டம் பயின்றவர். 1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசுக்குச் சென்றார். 1895-ல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியானார். தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் இருந்து 1907-ல் ஓய்வு பெற்றார். இனி உபகாரச் சம்பளமும் சாய்வு நாற்காலியுமே என்று பிறர் நினைத்திருப்பர்.

1917-ல் சுயாட்சி கோரிய அன்னி பெசன்ட் அம்மையாரை அரசாங்கத்தார் காவலில் வைத்தனர். சுயாட்சிச் சங்கத்தின் கௌரவத் தலைவரான இவர், எழுபத்தைந்தாம் வயதில், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். யுத்த காலம், தபாலில் சேர்த்தால் தணிக்கையில் நின்றுவிடும். ஹாட்ச்னர் தம்பதிகள் அதைக் கைப்படக் கொண்டு சென்றனர். இந்தியாவுக்குச் சுயாட்சி வாக்களித்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேர் போர்முனைக்கு வருவர், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 50 லட்சம் என்று அதில் எழுதியிருந்தார். இக்கணக்கு மிகையென்றே நமக்குப் படுகிறது. ஆயினும் ஆள்வோரைத் தாண்டி அயல்நாட்டுத் தலைவரிடம் முறையிட்ட துணிவு மிகையன்று.

விஷயம் வெளிவந்தது. இந்தியா மந்திரி மாண்டேகு அக்கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மணி அய்யர் மன்னிப்புக் கேட்கவில்லை. 1918-ல் தமது கே.சி.ஐ.இ. விருதையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். 1924-ல் காலமாகும்வரை பட்டமின்றியே வாழ்ந்தார். ஜனங்களோ அவரைப் பெரியவராகவே கொண்டாடினர்.

இதை இவ்வூரில் சொல்லக் காரணமுண்டு. உப்பளத்திற்குக் குடிநீரும், மழையில் சேறாகாத பாதையும் வேண்டி நம் சங்கம் மனு ஒன்று எழுதியிருக்கிறது. பாத்தியில் வெயிலிலே நிற்கும் பெண்மக்கள் அனைவரும் கைநாட்டு வைத்தாயிற்று. குத்தகை போய்விடுமோ, அதிகாரிகளின் முகம் சுளிக்குமோ என்று தயங்கி நிற்பவர், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் கனவான்களே. நாமும் நேற்றுவரை தயங்கியவர்தாம். இன்று காலை கையொப்பமிட்டோம். மனு காரியதரிசியிடம் இருக்கிறது. நாளை மாலைவரை வைத்திருப்பார்.